பேஸ்பால் வீச்சாளர் ஆவது எப்படி: குன்னூர்க்காரர்களுக்கு மட்டும்

எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு பேரிக்காய் மரம் நின்றது. உச்சிக் கொம்பில் தொங்குகிற காயை ஒரே கல்லில் விழவைக்கிற பையன் லைனுக்கு ஒருத்தனாவது இருப்பான். கல் படும், காய் விழும், விழுந்த காய் நாலு வரிசைத் தேயிலை தாண்டி உருண்டு போகும், பையன் மேஸ்திரியிடம் திட்டு வாங்குவான். அந்தக் கைக்கு இந்த மலையில் அதற்கு மேல் வேலை கிடையாது. பத்தாவது முடித்ததும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவான்.

இந்த அநியாயத்தைத் தீர்க்கத்தான் இந்தக் கையேடு. தம்பி, கல் எறிகிற கைக்குக் கோடிக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிற ஒரு தேசம் இருக்கிறது. வேலையின் பெயர் ஸ்டார்ட்டிங் பிட்சர். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிற வீச்சாளர். “பிட்சர் ஆகப் போறேன்” என்று வீட்டில் சொன்னால் சித்தி “எந்தப் பிச்சருல?” என்று கேட்பாள். கவலைப்படாதே, எங்கள் வீட்டிலும் கேட்டார்கள்.

முதலில் வேலை நேரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஆசை வரட்டும். அமெரிக்காவின் பெரிய லீக்கில் 30 அணிகள். ஒரு சீசனில் அணிக்கு 162 ஆட்டம், ஏறக்குறைய தினமும் ஒன்று. ஆனால் தொடக்க வீச்சாளருக்கு ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் முறை வரும். வந்து சுமார் 90, 100 பந்து எறிந்தால் கூலி கணக்கில் ஏறிவிடும். மற்ற நாட்களில் லேசாக உடற்பயிற்சி, ஆட்ட நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பது. 2025 கணக்குப்படி பெரிய லீக்கில் குறைந்தபட்சச் சம்பளமே வருடத்துக்கு 7,60,000 டாலர். நம் காசில் ஆறு கோடிக்கு மேல்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த முறை புதிதல்ல. ஒரு செடியில் கொழுந்து எடுத்தால் திரும்ப அதே செடிக்கு வரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும், அதை ரவுண்டு என்கிறோம். வீச்சாளருக்கு ஐந்து நாள் ரவுண்டு. செடிக்கு ஓய்வு உண்டு, வீச்சாளர் கைக்கு ஓய்வு உண்டு. கொழுந்து எடுக்கிற கைக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு, அதுவும் துணி துவைக்க.

சரி, பயிற்சிக்கு வருவோம். பயிற்சிக்கு இடம் வேண்டும். வீச்சாளர் நிற்கிற மேட்டிலிருந்து அடிப்பவர் நிற்கிற தட்டு வரைக்கும் 60 அடி 6 அங்குலம். கிரிக்கெட் பிட்சை விட ஐந்தரை அடி குறைவுதான். குன்னூரில் 60 அடி கிடைக்காதா? கிடைக்கும், நீளவாக்கில் அல்ல, உயரவாக்கில். நீ எறிகிற இடத்துக்கும் பந்து போய்ச் சேருகிற இடத்துக்கும் நடுவில் மூன்று படிக்கட்டும் ஒரு மாரியம்மன் கோயிலும் இருக்கும். தப்பித் தவறி ஒரு சமதளம் கண்ணில் பட்டால் முதலில் அதில் ரிசார்ட் வரும், பிறகு ரிசார்ட்டுக்கு பார்க்கிங் வரும். அந்தக் காலத்து வெள்ளைக்காரனே இந்த ஊர் நிலத்தையும் மழையையும் பார்த்து மலைத்துத்தானோ என்னவோ, மேசை மேல் விளையாடக் கிளம்பினான். ஸ்நூக்கரின் விதிகளை நெவில் சேம்பர்லின் என்கிற ராணுவ அதிகாரி 1880களில் ஒழுங்குபடுத்தியது ஊட்டி கிளப்பில்தான். (பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் வேறு ஆள்.)

மேடு விஷயத்தில் மட்டும் நமக்குக் குறையில்லை. பேஸ்பால் வீச்சாளர் ஒரு மண்மேட்டின் மேல் நின்றுதான் எறிய வேண்டும், மேட்டின் உயரம் 10 அங்குலம். முன்பு 15 அங்குலமாக இருந்தது. 1968இல் வீச்சாளர்கள் அநியாயத்துக்கு நன்றாக எறிந்துவிட்டார்கள். செயின்ட் லூயிஸ் அணியின் பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன்தான் கொடுத்தார். அடுத்த வருடமே மேட்டை ஐந்து அங்குலம் வெட்டிவிட்டார்கள். எங்கள் பாட்டி கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள். கணக்குக்கு மேல் கொழுந்து எடுத்துக் காட்டினால் அடுத்த மாதம் கணக்கையே ஏற்றிவிடுவான் என்று அவள் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பந்து. இதை அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. எனக்கு நியூஜெர்சியில் இருக்கிற மச்சினன் போன வருடம் ஒன்று கொண்டுவந்தான். கையில் வாங்கிப் பார்த்தேன். நம் கிரிக்கெட் பந்தை விடக் கொஞ்சம் எடை குறைவு, வெள்ளைத் தோல், அதில் குதிரை லாடம் மாதிரி வளைந்து வளைந்து போகிற சிவப்பு நூல் தையல். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தையலுக்குக் குறுக்கே வைத்தால் ஒரு மாதிரிப் போகும், தையலோடு சேர்த்துப் பிடித்தால் வேறு மாதிரிப் போகும் என்று மச்சினன் வகுப்பெடுத்தான். மொத்தம் 108 இரட்டைத் தையல். நூற்றியெட்டு என்றதும் பெரியம்மா பந்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பசுத்தோல் என்பதை நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

புதுப் பந்து வழுக்கும். அதற்காக பெரிய லீக் அணிகள் டெலவேர் ஆற்றுப் பக்கத்து ஓடையிலிருந்து எடுத்த ஒருவகைச் சேற்றை டப்பாவில் வாங்கி ஒவ்வொரு பந்திலும் தேய்க்கின்றன. காசு கொடுத்துச் சேறு வாங்குகிறார்கள். ஐப்பசி மாதம் லைனுக்கு வந்தால் செருப்போடு சேர்த்து இலவசமாகத் தந்திருப்போம்.

அடுத்து காற்று. கொஞ்சம் கவனமாகக் கேள், மற்ற கையேடுகளில் இது இருக்காது. சுழன்று போகிற பந்து ஏன் வளைகிறது? காற்று அதை ஒரு பக்கம் தள்ளுவதால். காற்று மெலிந்தால் தள்ளலும் மெலியும். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குக்கர் இல்லாமல் ஊட்டியில் பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்கு மெலிந்த காற்றைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பருப்பு வேகாத அதே ஊரில் உன் கர்வ்பாலும் வேகாது. வளைய வேண்டிய பந்து நேராக வந்து மட்டையில் உட்காரும். அடித்த பந்தைத் தடுக்கவும் காற்று இருக்காது, ஒரேயடியாகப் பறக்கும்.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. அமெரிக்காவில் டென்வர் என்றொரு ஊர், சுமார் 1,600 மீட்டர் உயரம். அங்கே எறியச் சொன்னால் வீச்சாளர்களுக்கு வயிற்றைக் கலக்கும். வறண்ட காற்றில் பந்து காய்ந்து இன்னும் தூரம் போகிறது என்று 2002இல் அங்கே பந்துகளை ஈரப்பதம் உள்ள ஓர் அறையில் வைத்து எடுக்க ஆரம்பித்தார்கள். 1,600 மீட்டருக்கே இந்தப் பாடு. குன்னூர் அதைவிட உயரம். ஊட்டி 2,240 மீட்டர். அச்சாக அதே 2,240 மீட்டரில் இருக்கிறது மெக்சிகோ சிட்டி. 2023 ஏப்ரல் 29ஆம் தேதி பெரிய லீக் ஆட்டம் ஒன்றை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். சான் டியாகோ 16, சான் பிரான்சிஸ்கோ 11. ஓர் ஆட்டத்தில் 11 ஹோம் ரன். ஊட்டியில் மைதானம் கட்டி ஆடினாலும் வீச்சாளர் கதி அதுதான்.

ஒரே ஆறுதல், பந்து காயாது. டென்வரில் ஈரத்துக்குத் தனி அறை கட்டினார்கள், நமக்கு ஊரே அந்த அறை. ஆடியில் ஊட்டிக்காரனும் கார்த்திகையில் குன்னூர்க்காரனும் ஜட்டியை அடுப்பு மேல் காயப்போடுகிறவர்கள்தானே.

இனி எறிகிற முறை. தெருக் கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிந்தால் “டேய், மாங்கா அடிக்கிறான்டா” என்று கத்தி ஓவரைப் பிடுங்கிவிடுவார்கள். நமக்கு மாங்காய் விளையாது, பேரிக்காய் என்று வைத்துக்கொள். கிரிக்கெட்டில் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் குற்றம். பேஸ்பாலில் மடக்கி எறிவதுதான் தகுதிச் சான்றிதழ். இந்த வித்தியாசம் தெரியாததால் எத்தனை நல்ல மாங்காக்காரர்கள் இந்த மண்ணில் அம்பயர் வேலைக்குத் தள்ளப்பட்டார்கள்!

தேயிலைக்கும் முழங்கைக்கும் பெரிய இடத்துச் சொந்தமே உண்டு. முத்தையா முரளிதரனின் தாத்தா 1920களில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். பேரன் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். நடுவில் 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில், எறிகிறார் என்று சொல்லி அம்பயர் நோபால் மேல் நோபாலாகக் கொடுத்தார். பிறவியிலேயே முழுக்க நிமிராத முழங்கை என்று ஆய்வகத்தில் அளந்து காட்ட வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் போனவர்களில் ஒரு பகுதியினர் 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் திரும்பி வந்தார்கள். அவர்களுக்காகவே அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் உண்டாயின. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அந்த லைன்களில் எத்தனை முழங்கை அளக்கப்படாமலே கிடக்கிறதோ.

பயிற்சி முடிந்தது. இனி உன்னை அமெரிக்காக்காரன் கண்டுபிடிக்க வேண்டும். இது நடந்த கதைதான். 2008இல் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்கிற விளையாட்டு ஏஜென்ட் இந்தியாவுக்கு வந்து ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று ஒரு போட்டி வைத்தார். கிரிக்கெட் பந்து எறிகிற நூறு கோடிப் பேரில் ஒருத்தன்கூட தேறமாட்டானா என்பது அவர் கணக்கு. 37,000 பேருக்கு மேல் எறிந்து பார்த்தார்கள். கடைசியில் தேறிய இருவருமே கிரிக்கெட்காரர்கள் இல்லை. லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த பையன்கள். ஒருவர் ரிங்கு சிங், பதோஹி பக்கத்து லாரி டிரைவரின் மகன், இடது கை. மற்றவர் வாரணாசிப் பக்கத்து தினேஷ் பட்டேல், வலது கை. இருவரும் அதற்கு முன் பேஸ்பாலைக் கையால் தொட்டதில்லை.

ரிங்கு மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர், எறிந்து ஒரு லட்சம் டாலர் வென்றார். விளம்பரத்தில் போட்ட பத்து லட்சம் டாலர் யாருக்கும் போகவில்லை. அதற்கு 90 மைலுக்கு மேல் எறிய வேண்டும். (விளம்பரத் தொகைக்கும் கைக்கு வருகிற தொகைக்கும் உள்ள தூரம் அமெரிக்காவிலும் 60 அடிக்கு மேல்தான்.) லாஸ் ஏஞ்சலஸில் டாம் ஹவுஸ் என்கிற பயிற்சியாளரிடம் சில மாதம் கற்றுக்கொண்டார்கள். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூலை 13 அன்று ரிங்குவின் பெயரில் ஒரு வெற்றி பதிவானது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியர். 2014இல் டிஸ்னி இதைப் படமாக எடுத்தது, இசை நம்ம ரஹ்மான்.

படம் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடும். கையேடு அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஏனென்றால் ஒப்பந்தம் என்றால் பெரிய லீக் இல்லை, தம்பி. அது அடிவாரம். மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறியவன் ஊட்டி சேர்ந்தேன் என்று சொல்ல முடியுமா? கல்லாறு தாண்டினால்தான் பல்சக்கரத் தண்டவாளமே தொடங்கும். அமெரிக்காவில் அடியில் ரூக்கி லீக், அதற்கு மேல் சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று ஐந்தாறு ஸ்டேஷன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம் இறக்கிவிடப்படும். ராத்திரி முழுக்க பஸ் பயணம். முன்பெல்லாம் ஒரே அறையில் நாலைந்து பேர். சீசன் முடிந்தால் சாமான் சுமக்கவோ வண்டி ஓட்டவோ போவார்கள். இந்த மைனர் லீக்காரர்களுக்கென்று முதல் கூட்டு ஒப்பந்தம் வந்ததே 2023இல்தான். நம் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்துவிட்டது. சட்டம் வந்த மாதிரியே லைன் வீட்டுக் கூரையும் வந்ததா என்று கேட்காதே. இது பேஸ்பால் கையேடு.

தினேஷ் பட்டேலை 2010 டிசம்பரில் விடுவித்தார்கள், ஊர் திரும்பினார். ரிங்கு தாக்குப்பிடித்தார், 2012இல் சிங்கிள் ஏ வரை ஏறினார். அதற்குள் முழங்கை போய்விட்டது.

முழங்கை போவது இந்தத் தொழிலில் விபத்தில்லை, தவணை. மனிதக் கை அந்த வேகத்தில் தலைக்கு மேலே சுழற்றுவதற்காகச் செய்யப்பட்டதில்லை. முழங்கையின் உள்பக்கம் ஒரு தசைநார் கிழியும். 1974 வரை கிழிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த வருடம் டாமி ஜான் என்கிற வீச்சாளருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் மற்றக் கையிலிருந்து ஒரு தசைநாண் எடுத்து வைத்துத் தைத்தார். ஒன்றரை வருடம் கழித்து ஆள் திரும்ப வந்து 1989 வரை எறிந்தார். இன்றைக்கு அந்த அறுவைச் சிகிச்சைக்கே டாமி ஜான் என்றுதான் பெயர்.

உனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், கவாத்து. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுகிறோமே, அதேதான். வெட்டின அன்றைக்குப் பார்த்தால் காடே செத்தது மாதிரி இருக்கும். மூன்று மாதத்தில் துளிர்க்கும். செடி எல்லாமே துளிர்க்கும். வீச்சாளர்களில் எல்லாரும் துளிர்ப்பதில்லை. ரிங்குவால் அதே சிகிச்சைக்குப் பிறகு பழைய இடத்துக்கு வரவே முடியவில்லை. 2018இல் மல்யுத்தப் பக்கம் போய், டபிள்யூடபிள்யூஈ மேடையில் வீர் மஹான் என்கிற பெயரில் சில வருடம் ஆட்களைத் தூக்கி எறிந்தார். எறிகிற தொழிலை விடவில்லை, பொருளைத்தான் மாற்றினார்.

இதையெல்லாம் தாண்டி நீ பெரிய லீக்குக்கே போய்விட்டாய் என்று வைத்துக்கொள்வோம். வெற்றி உன் பெயரில் பதிவாக வேண்டுமானால் ஐந்து இன்னிங்ஸாவது எறிந்திருக்க வேண்டும், நீ இறங்கும்போது உன் அணி முன்னால் இருக்க வேண்டும், உனக்குப் பின்னால் வருகிறவன் அதைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். 2018இல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.70 ரன் கணக்கில்தான் விட்டுக்கொடுத்தார். லீக்கிலேயே சிறந்த வீச்சாளர் என்று சை யங் விருது கொடுத்தார்கள். அவர் பெயரில் பதிவான வெற்றி 10, தோல்வி 9. அவருடைய ஆட்கள் ரன் அடிக்கவில்லை, அவ்வளவுதான். சிறு தேயிலை விவசாயி எவனும் இதைக் கேட்டு வாயைப் பிளக்க மாட்டான். இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பார்த்துக் கிள்ளிக் கொடுப்பது நாம். விலை விழுவது ஏலத்தில்.

“அண்ணே, வேற வழியே இல்லையா?” என்றால், இருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. அம்மா ரோட்டோரம் கோழிக்கறிக் கடை, அப்பா தறி வேலை. பையன் டென்னிஸ் பந்தில் எறிந்து பழகினான். 2015 ஜனவரியில் ரஞ்சி ஆட்டத்தில் இறக்கினார்கள், முதல் ஆட்டத்திலேயே கை மடங்குகிறது என்று புகார். பாரு, அந்த மாங்கா விவகாரம் யாரையும் விடவில்லை. எறிகிற முறையையே மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தான். 2020இல் ஆஸ்திரேலியாவுக்கு வலையில் பந்து போடுவதற்கென்று கூட்டிப் போனார்கள். டிசம்பர் 2 கான்பராவில் ஒருநாள் ஆட்டம், 4ஆம் தேதி அங்கேயே டி20, 2021 ஜனவரி 15 பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர். அடுத்த சில மாதத்தில் மூட்டு அறுவைச் சிகிச்சை. அவனுக்கும் கவாத்து. துளிர்த்தான். டி. நடராஜன் என்று சொன்னால்தான் தெரியும் என்றில்லை, உனக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.

அவர் சம்பாதித்த காசில் செய்த காரியம்தான் என் கண்ணில் நிற்கிறது. 2023இல் சொந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் கட்டினார். சின்னப்பம்பட்டி சமவெளி, அவரால் முடிந்தது. இந்த மலையில் நாளைக்கே ஒருத்தன் கோடி சம்பாதித்து வந்தாலும் மைதானத்துக்கு முதலில் மலையைத்தான் வாங்க வேண்டும்.

ஆகவே, எறிந்து பழகு. பேரிக்காய் முற்றுகிற காலத்தில் நிறைய எறி. பக்கத்து ரோட்டில் கார் வருகிறதா என்று பார்த்து எறி. மைதானத்தில் காட்டு மாடு வந்து நின்றால் ஆட்டத்தை நிறுத்து. அது இரண்டாவது பேஸில் நின்றால் ‘சேஃப்’ என்று அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போ.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மச்சினன் கொண்டுவந்த பந்தை நானும் ஒருமுறை எறிந்து பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயதில் வேறு யாரும் செய்யத் துணியாத காரியம். பந்து வளையவில்லை. நேராகப் போய், தடுப்புச் சுவரைத் தாண்டி, கீழ்ப்பத்திச் செடிகளுக்குள் இறங்கிவிட்டது. தோள்பட்டை மூன்று வாரம் வலித்தது. சின்ன வயதில் தொலைத்த பந்துகள் எல்லாம் கவாத்து அன்றைக்குத்தான் திரும்பக் கிடைக்கும். பத்தியில் செடியை வெட்டித் தள்ளியதும் நாலு வருடப் பந்தும் வெயிலைப் பார்த்துக்கொண்டு கிடக்கும், டென்னிஸ் பந்து, ரப்பர் பந்து, பாதி பிளந்த கார்க் பந்து. அந்தப் பத்திக்குக் கவாத்து அடுத்த வருடம். வெட்டப் போகிற அண்ணன்களே, வெள்ளைத் தோலில் சிவப்பு நூல் தைத்த பந்து ஒன்று கிடந்தால் பையன்கள் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். எனக்கு வேண்டாம்.